ஆகாயத்தில் ஒரு லயம்

காலை 5.55க்குக் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினேன். மடியில் சுருட்டிய வரைதாள், தலைக்கு மேலே தட்டில் இரண்டு வாளி பெயின்ட், மனதில் துளி சந்தேகமில்லை. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் படம் வரையப் போகிறேன். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பதினான்கு அடிச் சுவர். இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

என்ன வரைவது என்பதில் குழப்பமே இல்லை. பத்தொன்பது வயதில், ஒரு பழைய புத்தகக் கடையில் சர்ரியலிச ஓவியர் ஒருவரின் படத்தைப் பார்த்தேன். ஆகாயத்தில் ஒரு வீடு தனியே நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது. வாசலிலிருந்து இறங்கும் ஏணி எதையும் தொடாமல் பாதியில் முடிகிறது. ஒரே அறையில் ஏழு பேர் படுத்தெழுந்த குடும்பத்தில் வளர்ந்தவள் நான். அந்த வீட்டைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அடுத்த மாதமே கணக்கியல் வகுப்பை விட்டுவிட்டு ஓவியம் படிக்கப் போனேன். அன்றிலிருந்து என் படங்களில் ஏதாவது ஒன்று பறக்காமல் இருந்ததில்லை. பறக்கும் வீடு என்றால் விடுதலை என்று நானே பொருள் வைத்துக்கொண்டேன்.

ஹட்டன் தாண்டியதும் குளிர் கையில் ஏறியது. 11.40க்குத் தலவாக்கலை. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டருக்கு ஆட்டோவில் 1,500 ரூபாய். ஓட்டுநர் செல்வம் வாளிகளைப் பார்த்துவிட்டு, “சாமி படமாக்கா?” என்றார்.

“இல்ல, வீடு.”

“வீடா! அத வரைஞ்சாவது குடுங்க,” என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஒரு மணிக்குக் கரித்துண்டைக் கையில் எடுத்தேன். கீழே தேயிலை மலை. மேலே, மேகத்துக்கு நடுவே, தோட்டத்துக் குடும்பங்கள் குடியிருக்கும் அந்த நீள வரிசை வீடு, லயம், அப்படியே மிதக்கிறது. நாலரை மணிக்குள் கோடுகள் முடிந்துவிட்டன. எனக்கே என் மேல் பெருமை தாங்கவில்லை.

அம்மாமார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தார்கள். சுவருக்கு முன்னால் கூடினார்கள். சாந்தி என்ற பெண், தன் நாலு வயது மகள் தர்ஷியை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அக்கா, இது எங்க லயமா?”

“ஆமா.”

“எதுமேல நிக்குது?”

“ஆகாயத்துல. அது ஒரு சின்னம்.”

“சின்னம்னா, ஓட்டுப் போடுற சின்னமா?” எல்லோரும் சிரித்தார்கள். சாந்தி சிரிக்கவில்லை. “போன வருசம் மழைக்கு எங்க மேல் லயம் இப்புடித்தாங்க அந்தரத்துல நின்னுச்சு. அடிமண்ணு போயிருச்சு. புள்ளைய ஜன்னல் வழியா வெளிய எடுத்தோம். இப்ப வரைக்கும் தகரக் கொட்டாயிலதான் இருக்கோம்.”

தர்ஷி சுவரைப் பார்க்காமல் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

“இத வச்சா எம்புள்ள இங்க தங்காது. அது தங்காட்டி நா வேலைக்குப் போக முடியாது. பேர் விழாது. அவ்வளவுதாங்க்கா.”

பெயர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. எனக்கு முகம் சுட்டது. கலை என்றால் என்ன என்று ஒரு சின்னப் பிரசங்கம் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

“அப்ப எப்படி இருக்கணும் சாந்தி? கீழ எறக்கிடவா?”

அவள் சுவரை அண்ணாந்து பார்த்தாள். “கீழ நல்ல எடம் எங்க இருக்கு? அங்கயே இருக்கட்டும். மண்ணக் கொண்டுபோய் அடியில போடுங்க.”

இருபத்தாறு வருடமாகப் பறக்கும் வீடு வரைகிறேன். அதற்கு அடியில் மண்ணைக் கொண்டுபோய்ப் போடலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தேன். படத்தில் இப்போது பெண்கள் வரிசையாக ஓர் ஏணியில் ஏறுகிறார்கள். கூடைகளில் கொழுந்து இல்லை, செம்மண். ஏறஏற லயத்துக்கு அடியில் ஒரு மலை வளர்கிறது. பத்து மணித் தேத்தண்ணிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தண்ணி ஓட கான் வெட்டச் சொன்னார் ஒருவர். லீக்ஸ் நட ஒரு காய்கறிப் பாத்தி வேண்டும் என்றார் இன்னொருவர். மண்ணுக்கு முதல் நிறம் வைத்தபோது, புதுமலையில் முதல் கொழுந்து கிள்ளும்போது சொல்வது போல, எல்லோரும் “பொலி! பொலி!” என்று சத்தம் போட்டார்கள். என் கண்காட்சி எதிலும் இப்படி ஒரு திறப்புவிழா நடந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குத் தர்ஷி வந்தாள். வாசலில் நின்று சுவரையே பார்த்தாள். பிறகு மெதுவாக உள்ளே வந்து, வரைந்த மண்ணை உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினாள். “கெட்டியா இருக்கும்மா,” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

சாந்தி பெரட்டுக்கு ஓட வேண்டும். அங்கேதான் பெயர் பதிந்து வேலை பிரிப்பார்கள். ஆனாலும் வாசலில் நின்றாள். “அக்கா, ஒண்ணு மட்டும். அந்தப் படத்துல எங்க கதவுல நம்பர் போடுங்க. எங்க பேருக்குக் கடுதாசி வர்ற மாதிரி. இப்ப எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தானே வருது.”

“என்ன நம்பர் போட?”

இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை போலும். விரலை மடக்கினாள், நீட்டினாள். “ஒண்ணு,” என்றாள்.

போட்டேன். அவள் ஓடினாள்.

மாலை ஏழு மணிக்குக் கொழும்பில் என் வாசலுக்கு வந்தேன். கதவில் இலக்கம் இருந்தது. மின்சார பில், கல்யாணப் பத்திரிகை, வங்கிக் கடிதம் என்று மூன்று உறைகள் கதவடியில் கிடந்தன, மூன்றிலும் என் பெயர். பறக்கும் வீட்டை என்னால் அத்தனை வருடம் ரசிக்க முடிந்தது இதனால்தான். வெட்கமாக இருந்தது. உள்ளே போய் ஒரு தாளை எடுத்து, சாந்தியின் பெயரை எழுதி, அதன் கீழ் இலக்கம் ஒன்று என்று எழுதினேன். அதற்குக் கீழே எழுத எனக்கு ஒரு தெருகூடக் கிடைக்கவில்லை.