உபதேசியார் விழுங்கிய எழுத்து

எழுத்துப் பிழை விடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியும். எழுதியிருப்பதை எழுதவே இல்லை என்று சாதிக்கிறவர்களைத்தான் இன்றுவரை மன்னிக்க முடிந்ததில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் ஊர் உபதேசியார் என் கண் முன்னாலேயே ஒரு ‘த’வை விழுங்கினார். இரண்டு ‘த’ என்று நான் சொன்னதற்கு என் தலையில் ஒரு குட்டும் வைத்தார். அந்தக் குட்டு வலித்த இடத்தை இப்போதும் என்னால் தொட்டுக் காட்ட முடியும்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆவூர்ப் பக்கத்தில் கடலையும் வரகும் விளைகிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஊரில் பாதிக்கு மேல் வேதக்காரர்கள், அதாவது எங்களைப் போலக் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். கோயில் இருந்தது, சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆவூரிலிருந்து வருவார். மற்ற ஆறு நாளும் எங்களுக்குச் சாமியாரும் வாத்தியாரும் தபால் படிக்கிறவரும் உபதேசியார்தான். செபம் சொல்லிக்கொடுப்பது, சாவுக்கு மணி அடிப்பது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வாசிப்பது எல்லாம் அவர் பாடு. அவர் வாசித்ததுதான் கடிதம். அதில் வேறு என்ன எழுதியிருந்தாலும் அது கணக்கில்லை.

அம்மாவின் தம்பியான என் மாமா ஒரு வருஷத்துக்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போயிருந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற வேலை. போவதற்கு முன் அவருக்கும் அப்பாவின் தங்கையான என் அத்தைக்கும் வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தது. அம்மாவை இந்த வீட்டுக்குக் கொடுத்தார்கள், அத்தையை அந்த வீட்டுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. மாமா என்றால் எனக்கு உயிர். ஈச்சம்பழம் பறிக்க என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு போகிற ஒரே ஆள் அவர்தான். அத்தைக்கு அவரைக் கட்டிவைப்பதை நான் என் சொந்தக் காரியமாகவே நினைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள், அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார், அத்தை கதவுக்குப் பின்னால். உபதேசியாரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். மாமா மூன்றாவது வரைக்கும்தான் படித்தவர். எந்த எழுத்துக்கும் புள்ளி வைக்கமாட்டார். ஆனால் எழுத்துக்களைக் குண்டு குண்டாக, தெளிவாக எழுதுவார்.

‘சேசு மரி சூசை துணை’ என்று தொடங்கி, அக்கா மச்சான் சுகம் விசாரித்த பிறகு அந்த வரி வந்தது. ‘நான இபபோது மாததா மாததா வேலையில சேரநதுவிடடேன.’

உபதேசியார் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் குரல் மாறிவிட்டது.

“மாதா! மாதா! வேலையில் சேர்ந்துவிட்டேன்னு எழுதியிருக்காரு. ஏத்தா, ஒந் தம்பி மாதா வேலைக்குப் போயிட்டாரு. சந்நியாச மடத்துல சேந்துட்டாரு.”

“அது மாதா இல்லைங்க. ரெண்டு ‘த’ இருக்கு. மாத்தா” என்றேன் நான்.

குட்டு அப்போதுதான் விழுந்தது. “பால்மரம் வெட்டிக் காச்சுப்போன கை. தடுக்கி ஒரு எழுத்து கூடுதலா விழுந்துருச்சு. இதுல என்ன வாயி ஒனக்கு?”

தடுக்கி விழுந்தால் ஒரு தரம் விழலாம். ஒரே வரியில் இரண்டு தரம், ஒரே இடத்தில், ஒரே மாதிரியா விழும்? நான் சிலேட்டில் ஒரு புள்ளி விட்டால் முழங்காலில் நிற்கவைக்கிற மனிதர் இவர். ஒரு முழு எழுத்தைத் தூக்கி முழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், கேட்க ஆளில்லை! மாதாவை இரண்டு தரம் கூப்பிட்டிருப்பது பக்தி மேலீட்டால் என்று விளக்கம் வேறு.

அதற்குமேல் கடிதத்தில் வந்தவை எல்லாம் உபதேசியார் பக்கமே சாய்ந்தன. தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். உடுப்புத் தந்திருக்கிறார்கள். விடியுமுன் மணி அடித்ததும் வரிசையில் நிற்கவேண்டும். பெரியவர் வெள்ளைக்காரர், அவர் சொல்லைத் தட்டக்கூடாது. சில நாள் காட்டுக்குள் போகவேண்டியிருக்கும். மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதுவரை கல்யாணத்துக்கு உத்தரவு கிடையாது. எனக்காக வேண்டிக்கொள்ளவும். ஒவ்வொரு வரிக்கும் உபதேசியார் தலையை ஆட்டினார். காட்டுக்குள் எதற்குப் போகவேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, காட்டுச் சனங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்று பதில் வந்தது. மூன்று வருஷம் என்பது துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கிற முதல் வார்த்தைப்பாடாம். அதற்கப்புறம் சாகும்வரைக்குமாம்.

அம்மா அழுதாள். பெருமையா துக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாமாவுக்காக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை, உதட்டை மட்டும் அசைத்தேன். தெருவில் போகிறவர்கள் அம்மாவை நிறுத்தி, “ஒங்க வீட்டுக்கு ஆசீர்வாதந்தான்” என்றார்கள். அப்பாதான் பாவம். வெற்றிலை மாற்றிய பெண்ணை ஒருவன் விட்டுவிட்டுப் போனால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்கலாம். இவரால் அதுவும் முடியவில்லை. “மாதாவோட யாரு சண்டைக்குப் போறது?” என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். மாதாவோடு போகவேண்டியதில்லை, உபதேசியாரோடு போனால் போதும் என்று நான் சொன்னேன். அதற்கு அம்மாவிடம் வாங்கினேன்.

நாலு மாதத்தில் அத்தைக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளை கீரனூர்ப் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். முதல் மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. பெண் பார்க்க வந்தவர் திரும்பிப் போகிற வழியில் எங்கள் காளையின் கண்ணை விரித்துப் பார்த்து, வேப்பிலைத் தண்ணீரில் கழுவச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கே என் மாமா, எங்கே இந்த மாட்டு மருந்துக்காரர்! அத்தையோ மறுநாளிலிருந்து வாசல் கூட்டும்போது ஏதோ முணுமுணுவென்று பாட ஆரம்பித்தாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நடக்க இருக்கிறது, இதற்கு விக்கினம் ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்லவேண்டும், தெரிந்தும் மறைத்தால் பாவம் என்று சாமியார் சொல்வார். விக்கினம் என்றால் தடை. முதல் ஞாயிறும் இரண்டாம் ஞாயிறும் அந்த வார்த்தை வந்தபோது நான் சபையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது ஓலைக்கும் மூன்றாவது ஓலைக்கும் நடுவில் ஒரு சந்தை நாள் வந்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாடு கொண்டுவருகிற மரைக்காயர் ஒருவர் உண்டு. பினாங்கில் பத்து வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அம்மா நெத்திலி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, மலேயாவில் மாத்தா மாத்தா என்று ஏதாவது உண்டா என்று அவரிடம் கேட்டேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“மாத்தான்னா அந்த ஊருப் பேச்சுல கண்ணு, தாயி. மாத்தா மாத்தான்னு ரெண்டு தடவ சொன்னாப் போலீசு. அங்கிட்டு நம்ம ஆளுங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க. எதுக்குக் கேக்குற?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நெத்திலியைப் பார்த்தாள். வீடு வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். “போலீசாவது ஒண்ணாவது. அந்தாளு கருவாடு விக்கிறவரு, அவருக்கு நம்ம வேதத்தப் பத்தி என்ன தெரியும்? சாமியாரே கோயில்ல சொல்லியாச்சு. வாய மூடிட்டு வா” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தம்பி சந்நியாசி ஆனதில் கிடைத்த மரியாதையை இழக்க அவளுக்கு மனசில்லை என்றுதான் நான் அப்போது நினைத்தேன். தன் நாத்தனாரின் வாழ்க்கையை விடவா மரியாதை பெரிது என்று அவள் மேலும் கோபம் கோபமாக வந்தது.

மூன்றாவது ஞாயிறு. சாமியார் தாடியை நீவிக்கொண்டு ஓலை வாசித்தார். விக்கினம் என்ற வார்த்தை வந்தது. மறைத்தால் பாவம் என்றும் வந்தது. நான் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றேன்.

“விக்கினம் இருக்கு சாமி! எங்க மாமா மடத்துல சேரல. போலீசுல சேந்துருக்காரு!”

அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்ததில் நாடா அறுந்தது. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டே, உபதேசியார் ஒரு ‘த’வை விழுங்கிவிட்டார் என்பதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். உபதேசியாரின் காது இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி ஆகிவிட்டது.

பூசை முடிந்ததும் சாமியார் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார். அம்மா அதை உறையோடு செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். சாமியார் கடிதத்தைத் தொடக்கூட இல்லை. உறையைத் திருப்பினார். பின்பக்கத்தில் இங்கிலீசில் யாரோ எழுதிக்கொடுத்த மாமாவின் விலாசம் இருந்தது. எங்கள் ஊரில் இங்கிலீசு தெரிந்தவர் யாரும் கிடையாது. பதில் போடுகிறபோது உபதேசியார் அதைப் பார்த்துக் கோலம் போடுவது மாதிரி அப்படியே வரைந்திருந்தார். தான் எதை வரைகிறோம் என்று ஒருவரையும் அவர் கேட்கவில்லை. மாமாவிடமிருந்து மறு கடிதமும் அதுவரை வந்திருக்கவில்லை.

“போலீஸ் ஸ்டேஷன்” என்று வாசித்தார் சாமியார். “குழந்தை சொன்னது சரி.”

அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை எங்கள் ஊரில் ஒன்பது வயதுப் பெண் எவளுக்கும் கிடைத்திருக்காது. வாக்குக் கொடுத்த மாப்பிள்ளை உயிரோடு இருக்கும்போது இன்னொருவருக்குப் பெண்ணைக் கொடுப்பது தர்மமில்லை என்று அப்பா சொன்னார். மூன்று வருஷம்தானே, அத்தை காத்திருப்பாள் என்றும் அவரே சொன்னார். கம்பவுண்டருக்குச் செய்தி சொல்ல உபதேசியாரையே கீரனூருக்குச் சைக்கிளில் அனுப்பினார்கள். வெயிலில் அவர் மிதித்துப் போனதைத் தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மதியம் ஆட்டுக்கறி. ஈரல் துண்டு முழுவதும் என் இலைக்கு வந்தது.

அத்தை மட்டும் சாப்பிட வரவில்லை. மாட்டுக்கொட்டகையில் இருந்தாள். காளைக்குக் கண் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அத்த, நாந்தான் சொன்னேன்.”

“தெரியும்டி. கோயிலுக்குள்ளதான நானும் இருந்தேன்.”

“இனி நீ மலேயாவுக்குப் போயிரலாம். போலீசு பொண்டாட்டி!”

அவள் துணியைப் பிழிந்தாள். திரும்பாமலே பேசினாள். “பொண்ணு பாக்க வந்தன்னைக்குத் தண்ணி குடுத்தேன்ல, சொம்பத் திருப்பிக் குடுக்குறப்ப அந்த மனுசன் யாருக்கும் கேக்காமச் சொன்னாரு. ‘ஒங்களுக்குப் பிடிக்கலைன்னா தலைய மட்டும் ஆட்டுங்க. நானே வேணாம்னு சொன்னதாச் சொல்லிட்டுப் போயிருவேன், பழி ஒங்களுக்கு வராது’ன்னாரு.”

“அப்புறம்?”

“நான் தலைய ஆட்டலடி.”

அழுதாள். சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் புரியாதது ஒன்றுதான். கோயில் நடுவே பாவாடை அவிழ நின்று இவளைக் காப்பாற்றியிருக்கிறேன். எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, யாரோ ஒருவர் சொம்பு கொடுத்த கதையைச் சொல்கிறாள்! பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவளும் வந்து கெஞ்சவில்லை.

மூன்று வருஷம் கழித்து மாமா சொன்னபடி வந்தார். காக்கி உடுப்பில் எடுத்த போட்டோவைத் தகர டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கல்யாணம் நடந்தது. இருவரும் கப்பலேறப் புறப்பட்ட நாளில் அத்தை எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம் வந்தபோது தலையை ஒரு தரம் தடவினாள், அவ்வளவுதான். பஸ் கிளம்புகிறவரை சன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன், இப்போதாவது சொல்வாள் என்று. சொல்லவில்லை. எங்கள் அத்தை மாதிரி நன்றி கெட்டவளை உலகத்திலேயே பார்க்க முடியாது என்று அதற்கப்புறம் வெகுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.