குளிசை குடிச்சியா என்று கேட்க ஆளில்லாத வீடு

போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் என் கணவர் மௌத்தானார். ஏறாவூர்ச் சந்தைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு நானும் முடிந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அல்லாஹ் என்னை எப்படித் தூக்கி நிறுத்தினான் என்பதைச் சொல்லத்தான், சகோதரிகளே, இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து சேருவார். வாப்பா எனக்கும் என் தங்கச்சி நஸீமாவுக்கும் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டித் தந்தார். நடுவில் இடுப்பளவு வேலி. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

நான் இத்தாவில் இருந்தேன், கணவனை இழந்தவளுக்கு மார்க்கம் வைத்த தவணை. வெள்ளை உடுத்து, வெளியே இறங்காமல், பிற ஆண்களின் முகம் பாராமல், நாலு மாதமும் பத்து நாளும். அந்த நாட்களில் தினமும் காலையில் நஸீமாவின் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே கேட்பார்: "குளிசை குடிச்சியா புள்ள?" அவளுக்குப் பிரஷர், மாத்திரை தப்பக்கூடாது. அவள் ஓம் என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அதைக் கேட்டால் எனக்கு வயிறு பற்றி எரியும்.

இவளுக்கு மட்டும் ஏன்? அவளைவிட நான் என்ன குறைவாகத் தொழுதேன்? ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், அப்போதும் கேட்டது. ஒரு நாள் வாவி நண்டில் கறி ஆக்கிக் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த நண்டுதானே என்று அதை அப்படியே பின்வளவில் கோழிகளுக்குக் கொட்டினேன்.

எனக்கும் நெடுநாளாகச் சீனி வருத்தம், நீரிழிவு. கேட்க ஆளில்லை, யாருக்காகக் குடிப்பது என்று குளிசையை விட்டேன். சோறு இறங்கவில்லை. சீனி அள்ளிப்போட்ட பிளேன்டீயும் பேக்கரிப் பணிசும்தான் சாப்பாடு. கிளினிக் நாளில் நஸீமா வந்து கூப்பிட்டாள். இத்தாவில் இருக்கிறவள் எங்கே வெளியே போவது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எங்களில் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அவளுடைய மாப்பிள்ளை பிடித்துவரும் ஆட்டோவில் ஏற எனக்கு மனமில்லை, அதுதான் உண்மை.

நான் கொட்டிய நண்டின் ஓடு ஒன்று என் காலிலேயே ஏறியது. சீனி வருத்தக்காரரின் கால் மரத்துப்போயிருக்கும், வலியே தெரியவில்லை. பெருவிரல் கறுத்து, கெட்ட மணம் வந்து, காய்ச்சலும் அடித்த பிறகுதான் பார்த்தேன். பயந்துபோனேன். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஸுபஹுத் தொழுகைக்கு நிற்க முடியவில்லை. உட்கார்ந்து தொழுதுவிட்டுக் கையேந்தினேன். "யா அல்லாஹ், குளிசை குடிச்சியா என்று கேட்க அவளுக்கு ஆளைக் கொடுத்திருக்கிறாய். என்னிடமும் கேட்க ஒருவரை அனுப்பு. இல்லாவிட்டால் இந்த எரிச்சலையாவது எடு." வாய்விட்டுச் சொல்லி அழுதேன்.

அங்கே தும்மினால் இங்கே கேட்கும் என்றேனே, இங்கே அழுததும் அங்கே கேட்டிருக்கிறது. திரும்பினால் வாசலில் நஸீமா. ஒரு கையில் தண்ணீர், மறுகையில் அவள் குடிக்கவிருந்த குளிசை. தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள்:

"ராத்தா, இவரு மோட்டச்சைக்கிள்ள இருந்து கத்துறத்துக்கா நீங்க எரியிற? மச்சான் ஒங்கட உள்ளங்கையில குளிசைய வெச்சி, தண்ணியும் ஊத்தித் தருவாரு. அத வேலிக்கு இங்கால நிண்டு பாத்துப் பாத்து நான் எத்தின வருஷம் எரிஞ்சன் தெரியுமா? நான் சண்ட புடிச்சித்தான் இவரு கேக்கவே பழகின."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போவதை மார்க்கம் தடுக்கவில்லை என்று மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் அவள் முன்பே கேட்டு வைத்திருந்தாள். அவளுடைய மாப்பிள்ளை ஆட்டோவைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டு, நான் ஏறி முடியும்வரை மறுபக்கம் திரும்பி நின்றார். இன்னும் பிந்தியிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். வார்டில் கிடந்தேன், புண் காய்ந்தது, விரல் தப்பியது. எல்லாப் புகழும் அவனுக்கே.

இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அஸர் தொழுததும் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். குளிசையை முதலில் என் உள்ளங்கையில் வைத்து, அவருக்காக ஒரு துஆ கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறேன். காலையில் நஸீமா வேலிக்கு அப்பால் நின்று கேட்கிறாள், நானும் திருப்பிக் கேட்கிறேன். எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, இப்போது இத்தாவில் இருக்கும் ஒருத்தியிடமும் போய்க் கேட்டு வருகிறேன்.

உங்கள் வீட்டிலும் கேட்க ஆளில்லையா? அவனிடம் சொல்லுங்கள். எரிச்சலையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள், அவனுக்குத் தெரியாததா?

நான் கேட்டது இரண்டில் ஒன்று. கேட்க ஆளைத் தந்தான். எரிச்சல் முழுதாகப் போகவில்லை. அந்த மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகும்போது இன்றைக்கும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. எரியட்டும். அல்ஹம்துலில்லாஹ், இப்போது குளிசையைக் குடித்துவிட்டு எரிகிறேன்.