மண்டிக்கு எதிராகக் கூண்டேறிய காதர் பாய்

காதர் பாய் போய்விட்டார் என்று கொரட்டூர் ஏரிக்கரையில் ஒருவர் சொன்னதும், எப்போது, எப்படி என்றுகூடக் கேட்காமல் நடக்க ஆரம்பித்தேன். பூவிருந்தவல்லிவரை ஓடினேன் என்றே சொல்லலாம்; எதிரே வந்த குதிரை வண்டியே எனக்கு ஒதுங்கி வழிவிட்டது. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதையும் பாதி நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் நான். ஆனாலும் அவரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை என்று வண்டிப்பேட்டையே சொல்கிறது.

என் கிணறு இடிந்த வருஷம், பூவிருந்தவல்லி அரிசி மண்டிக்காரரிடம் நோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினேன். அறுவடைதோறும் நெல்லாகத் திருப்பினேன். மூட்டைகளை ஏற்றிப் போனது காதர் பாயின் மாட்டுவண்டி. பெரிய மனிதரிடம் ரசீது கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை, நானும் கேட்கவில்லை. நெல்லே வரவில்லை என்று மண்டிக்காரர் முழுத் தொகைக்கும் வழக்குப் போட்டார். தோற்றால் என் ஒரே கழனி ஏலத்துக்குப் போகும்.

சம்மனை வாங்காவிட்டால் வழக்கே கிடையாது என்று எங்கள் ஊர் மண்ணூர்பேட்டை முழுக்க நம்பினோம். கோர்ட்டுச் சேவகர் வந்தபோது நான் ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றேன். பாதி நாள் அசையவில்லை. கொக்கு ஒன்று என் தலைமேல் உட்கார்ந்து மீன் தின்றது. காதர் பாய் கரையில் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா நைனா, குளிர்ச்சியா கீதா? சம்மனை உன் ஊட்டுக் கதவுல ஒட்டிட்டுப் பூட்டான். நீ போவலேன்னா மண்டிக்காரரு சொல்றதுதான் தீர்ப்பு. ஏறு வண்டில."

வக்கீல் வைக்க வழியில்லை. கோர்ட்டு மரத்தடியில் இருந்தவர்கள், நோட்டில் உள்ள கையெழுத்தே என்னுடையதல்ல என்று சாதிக்கச் சொன்னார்கள். நான் சொல்லியிருந்தால் நீதிபதி முனிசீப் நம்பியிருப்பார். காதர் பாய்தான் விடவில்லை.

"வாங்கினதை வாங்கினேன்னு சொல்லு. குடுத்ததைக் குடுத்தேன்னு சொல்லு. மொதல்லயே பொய் சொன்னா, அப்பால சொல்ற நெசமும் பொய்யாப் பூடும்."

சொல்லிவிட்டு அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. டவாலி என் பெயரைக் கூப்பிட்டார். என் கால் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதும் வரவில்லை. மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் காதர் பாய் என் முதுகில் கை வைத்துத் தள்ளி, "கீறான் சாமி, கீறான்" என்று எனக்காக ஆஜர் சொல்லிக் கத்தினார்.

உள்ளே போனபின் நான் பேசிய பேச்சில் கோர்ட்டு ஓடுகள் நடுங்கின. நான் பாரிஸ்டரோ என்று முனிசீப்புக்கே சந்தேகம் வந்தது. கடன் வாங்கியது உண்மை, நெல் கொடுத்ததும் உண்மை, மீதிக்குத் தவணை வேண்டும் என்றேன். சாட்சி உண்டா என்று கேட்டார். காதர் பாய் கூண்டேறினார்.

மண்டிக்காரரின் வக்கீல் எழுந்து, மண்டிக்காரரிடம் கூலிக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன்தானே நீ என்று அதட்டினார்.

"காலைல வரைக்கும் ஓட்டுனேன் சாமி. இனிமே கூப்பிட மாட்டாரு. மூட்டைங்கள நான்தான் அவரு கொட்டாய்ல எறக்கினேன்."

சிலர் சிரித்தார்கள். மண்டிக்காரர் மட்டும் தலை நிமிரவில்லை. முனிசீப் நெல்லைக் கழித்து, மீதிக்குத் தவணை கொடுத்தார். கழனி தப்பியது. அந்த மண்டி காதர் பாயை அப்புறம் கூப்பிடவே இல்லை. கடைசிவரை மாங்காட்டுப் பக்கம் செங்கலும் வைக்கோலும் ஏற்றிக் குறைந்த கூலிக்கு ஓட்டினார். அறுவடைக்கு அறுவடை நான் நெல் மூட்டையோடு அவர் வாசலில் போய் நிற்பேன். "சாட்சிக்குக் கூலியா நைனா? முனிசீப்புக்குத் தெரிஞ்சா உன் கேஸ் பூடும்" என்று திருப்பி அனுப்புவார்.

அவர் வைத்துப்போனது என் முதுகில் இருக்கிறது, அந்தக் கை பட்ட இடம். அன்று பள்ளிவாசலில் அவர் உடலை வைத்த சந்தூக்குக்குத் தோள் கொடுக்க ஆள் கூப்பிட்டார்கள். முதல் குரலிலேயே "கீறேன்" என்று முன்னால் போனேன்.