ஆதாரம் இல்லாத பூட்டு

என் அண்ணனுக்குத் தெருவில் வைத்த பெயர் தூதர். பார்த்த வேலை ஜெராக்ஸ் கடையில். வெளிநாட்டுத் தூதரகங்கள் வரிசையாக இருக்கிற தெரு அது. விசாவுக்கு வருகிறவர்களுக்குப் போட்டோ எடுப்பார், நகல் போட்டுக் கொடுப்பார், எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். பக்கத்து டீக்கடைக்காரர் தினமும், "என்ன தூதரே, இன்னிக்கு எந்த நாட்டோட பேச்சுவார்த்தை?" என்று கேட்பார். அண்ணன் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். மெஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய இன்னொரு வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று, அதில் தூதரகங்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவர்களில் என் அண்ணனும் ஒருவர். எந்த நாட்டில் யார் யாருக்குத் தூதரகம் இருக்கிறது, எந்த ஊர், எந்தத் தெரு, பெரிய தூதரகமா, துணைத் தூதரகமா, பெயருக்கு ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிற இடமா என்று கட்டம் போட்டுக் கொடி ஒட்டி வைப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. ஆனாலும் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி விட்டதைத் தொட்டுச் செய்வார்கள்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். அதனால் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தேன். முன் அறையில் ஜன்னலோரம் கணினி. கடையிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

அந்தக் களஞ்சியத்தில் ஒரு சட்டம் உண்டு. கண்ணால் பார்த்தது கணக்கில் சேராது. செய்தித்தாளிலோ அரசாங்கத்தின் பக்கத்திலோ வந்திருக்க வேண்டும். அதற்குத்தான் ஆதாரம் என்று பெயர். ஒருமுறை கடைக்கு எதிரிலேயே ஒரு தூதரகத்தைக் காலி செய்தார்கள். மேசை, நாற்காலி, இரும்பு பீரோ எல்லாம் லாரியில் ஏறியது. கொடிக்கம்பத்தைக்கூட விடவில்லை, பிடுங்கி மேலே கட்டிக்கொண்டு போனார்கள். அண்ணன் வாசலில் நின்று கடைசிவரை பார்த்தார். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தவர் அந்த வரியைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நான் பாத்தேன்னு எழுதக் கூடாதும்மா. நாளைக்கு இன்னொருத்தன் பாக்காமயே பாத்தேன்னு எழுதுவான்" என்றார்.

பேப்பரில் வரும்வரை அந்தக் காலி வீடு அவருடைய பட்டியலில் தூதரகமாகவே இருந்தது.

அண்ணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆண்டவனே நேரில் வந்து நின்றாலும், ஆதாரம் கொண்டு வந்தீர்களா என்று கேட்கிற மனுஷன் என்பார். சாமி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம் அண்ணி என்று நான் சொல்வேன். ஆனாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அண்ணனுக்கு ஒரே மகன். கடல் தாண்டி ஒரு நாட்டுக்குக் குளிர்பதனக் கிடங்கு வேலைக்குப் போனான். போனதும் கம்பெனிக்காரர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கே எல்லாருக்கும் அப்படித்தானாம். அவனோடு அறையில் இருந்தவன் ஒரு வெல்டர். வாய்த்துடுக்கு. எங்கள் பிள்ளை போன் பேசும்போது பிடுங்கி, "அம்மா, உங்க பையன் கொறட்டைக்கு ஒரு தூதரகம் திறக்கலாம்மா" என்று அண்ணியிடம் சொல்வான். அவனும் அம்மாவுக்கு ஒரே பிள்ளை.

மகன் போன அன்றே அண்ணன் அந்த நாட்டின் பட்டியலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அங்கே இருக்கிற நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போட்டோ இல்லாமல் இருந்தது. மகனிடம் கேட்டார். அவனும் லீவு நாளில் பஸ் ஏறிப் போய் வாசலில் தானும் நின்று படம் எடுத்து அனுப்பினான். ஆள் இருந்தால் பட்டியலில் போட முடியாது, கேட்டை மட்டும் எடு என்று அண்ணன் திருப்பி எழுதினார். அவன் மறுபடி போய் எடுத்தான். பெற்ற பிள்ளையை நகரச் சொல்லிவிட்டு கேட்டைப் படம் பிடிக்கச் சொன்ன ஒரே அப்பன் நீங்கள்தான் என்று அண்ணி ரொம்ப நாள் குத்திக் காட்டினார்.

அந்த நாட்டில் சண்டை வந்தது. யாருக்கும் யாருக்கும் என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. முதலில் மின்சாரம் போனது, பிறகு போன். எப்போதாவது ஒரு வரி வரும். நல்லாருக்கேன் என்று இருக்கும். நான் காலையும் மாலையும் கும்பிட்டேன். அண்ணி சமைத்ததை எடுத்து வைக்கவே மறந்துபோவார். அண்ணன் கடைக்குப் போனார், வந்தார், கணினி முன்னால் உட்கார்ந்தார்.

அந்த நாட்களில்தான் பெயர் போடாத ஒரு ஆள் அந்தப் பட்டியலுக்குள் வந்தான். நம் நாட்டுத் தூதரகம் இருந்த வரியை எடுத்துவிட்டு, மூடிவிட்டார்கள், நேரில் பார்த்தேன் என்று எழுதியிருந்தான். அண்ணன் அரசாங்கத்தின் பக்கத்தைப் போய்ப் பார்த்தார். அங்கே பழைய விலாசமே இருந்தது. பேப்பரிலும் எதுவும் இல்லை. வரியைத் திரும்ப வைத்தார். காரணம் எழுதுகிற இடத்தில், ஆதாரம் தரப்படவில்லை என்று எழுதினார். அந்த ஆள் மறுபடி எடுத்தான். அண்ணன் மறுபடி வைத்தார்.

அண்ணி கேட்டார், "அவன் சொல்றது நெசமா இருந்தா என்னங்க பண்றது?"

"நெசமா இருந்தா ஆதாரம் வரும்."

அந்த ஆள் விடவில்லை. கடைசியில் அண்ணன் பெரியவர்களிடம் முறையிட்டார். பட்டியல்களுக்கு மேல் அதிகாரம் உள்ள சிலர் உண்டு. பெயர் போடாதவர்கள் யாரும் தொட முடியாதபடி அவர்கள் அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள். அண்ணன் எழுந்து தண்ணீர் குடித்தார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு வேலையை ஒழுங்காக முடித்த தெளிவு இருந்தது.

பிறகு ஒரு காலையில் போன் அடித்தது. அண்ணி குளித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கடைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன். மகன். பின்னால் லாரி ஓடுகிற மாதிரி ஒரே இரைச்சல்.

"அத்தை, எம்பசி பூட்டிக் கிடக்கு. ஒரு ஈ காக்கா இல்லை" என்றான்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன்.

"வாசல்லதான் நிக்கறோம். நானும் வெல்டரும். அவன் கம்பெனிக்கே போயி பாஸ்போர்ட்டைக் கேப்போம்னான். நான்தான், எங்கப்பா வெச்சிருக்கற லிஸ்டு, தப்பா இருக்காதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு பேர்கிட்டயும் இனிமே காசும் இல்லை, வண்டியும் இல்லை."

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தூதரகத்தில் ஒரு தாள் எழுதிக் கொடுப்பார்களாம். அது இருந்தால்தான் எல்லையைத் தாண்ட விடுவார்கள். எல்லையை எப்போது மூடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அறுந்துவிட்டது.

நான் அண்ணனிடம் சொன்னேன், அவன் சொன்ன வார்த்தை மாறாமல். எங்கப்பா வெச்சிருக்கற லிஸ்டு என்பதையும் சொன்னேன். அதை விட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அண்ணன் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியேயுமாக நின்றார். பிறகு உட்கார்ந்து பக்கத்தைத் திறந்து அந்த வரியை எடுத்தார். காரணம் எழுதுகிற இடத்தில், என் மகன் வாசலில் நிற்கிறான் என்று எழுதினார்.

நான் டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் வேறு யாரோ அந்த வரியைத் திரும்ப வைத்துவிட்டார்கள். ஆதாரம் தரப்படவில்லை என்று எழுதியிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார். பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு, அதில் நடந்ததை விளக்கி எழுதினார். பதில் மரியாதையாகத்தான் வந்தது. உங்கள் மகன் நலமாக வந்து சேரட்டும், ஆனால் விதி உங்களுக்குத் தெரியாததல்ல என்று போட்டிருந்தார்கள்.

"சரியாத்தான் சொல்றாங்க" என்றார் அண்ணன்.

ஈரத் தலையோடு வந்த அண்ணி இதைக் கேட்டுவிட்டார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சத்தமே போடவில்லை.

"அந்தப் பொட்டியை மூடிட்டு, பிள்ளை எங்க போகணும்னு யார்கிட்டயாவது போயி கேளுங்க."

அண்ணன் எழுந்து போனார். வெளியுறவு அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறார். அறிவிப்பு வரும், காத்திருங்கள் என்றார்களாம். அவர்கள் எல்லாரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அங்கிருந்து தன் தெருவுக்கு வந்தார். அந்த நாட்டின் தூதரகம் இந்தத் தெருவிலும் உண்டு. அதன் வாசல் காவலாளிக்கு அண்ணன் எத்தனையோ முறை நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் உள்ளே போய் விசாரித்து வந்து சொன்னார். நம் தூதரக ஆட்கள் எல்லை ஊரில் ஒரு விடுதியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கேதான் தாள் தருகிறார்கள். அண்ணன் அதை மகனுக்கு எழுதி அனுப்பினார். எழுத்தில் எதுவும் கிடையாது. ஒரு காவலாளி சொன்ன வார்த்தைதான்.

அதற்குப் பிறகு போன் இல்லை. சாப்பிட்டோம், படுத்தோம், எழுந்தோம். நான் கும்பிட உட்கார்ந்தால் சொல்ல வேண்டிய வார்த்தை வராது. கையைக் கூப்பிக்கொண்டு சும்மா இருப்பேன். அதுவும் சாமிக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மகன் வந்தான். எப்படியோ எல்லை ஊர் போய்த் தாள் வாங்கி, எல்லையைத் தாண்டி, இன்னொரு நாட்டில் ஒரு கொட்டகையில் கிடந்து, விமானம் ஏறி, வீட்டு வாசலில் வந்து நின்றான். பெட்டி இல்லை. காலில் வேறு யாருடையதோ செருப்பு. அண்ணி அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அழவில்லை. அண்ணன், வாப்பா என்றார். அவன் உள்ளே வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

எழுந்த பிறகுதான் வெல்டரைப் பற்றிச் சொன்னான். அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"எல்லை ஊருக்குப் போகலாம், அப்பா அட்ரஸ் அனுப்பிருக்காருன்னு சொன்னேன் அத்தை. உங்கப்பா குடுத்த முதல் அட்ரஸ்லதான்டா இப்ப நிக்கறோம், ரெண்டாவது அட்ரஸுக்கு நான் வரலைன்னுட்டான். கம்பெனிப் பக்கம் போற லாரி ஒண்ணு வந்துச்சு. ஏறிட்டான்."

கம்பெனி இருந்த பக்கம் என்ன ஆனது என்று நாங்கள் கேட்கவில்லை. டிவியில் காட்டியிருந்தார்கள்.

தூதரகம் மூடிய செய்தி அப்புறம் பேப்பரில் வந்தது, ஐந்தாறு வரி. அண்ணன் அதைப் பட்டியலில் ஏற்றி ஆதாரத்தையும் சேர்த்தார். அன்றைக்கு யாரும் அதை மாற்றவில்லை. இப்போதும் உட்காருகிறார், முன்பு போலவே திருத்துகிறார். அந்த நாட்டின் பக்கத்தை மட்டும் திறப்பதில்லை. மகன் ஒரு மருந்துக் கிடங்கில் வேலைக்குப் போகிறான். இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள், பால் வாங்கணுமா, கதவைச் சாத்தட்டுமா என்று.

வெல்டரின் அம்மா போன் செய்வார். எங்கள் நம்பரை அண்ணன் மகன் எப்போதோ வெல்டருக்குக் கொடுத்திருந்தான், அவன் தன் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான். எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் தூதரக விஷயமெல்லாம் தெரிந்தவர் என்று என் மகன் சொல்வான் என்று அண்ணியிடம் சொல்வார். அண்ணி போனை என்னிடம் தள்ளிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். போன வாரம் அண்ணனே வந்து என் கையிலிருந்து வாங்கினார். நின்றபடியே பேசினார். அந்தப் பழைய விலாசத்தை ஒருவர் எடுத்தார், நான்தான் திரும்பத் திரும்ப வைத்தேன், பக்கத்தைப் பூட்ட வைத்ததும் நான்தான், அதை நம்பித்தான் உங்கள் மகன் அந்த வாசலுக்குப் போனான் என்று, படிவம் வாசிக்கிற குரலில் சொன்னார்.

பிறகு எனக்கே கேட்கிற மாதிரி அந்த அம்மா பேசினார்.

"சரிங்க. இப்ப நான் எங்க போயி கேக்கணும், அதைச் சொல்லுங்க."

அண்ணன் வெளியுறவு அலுவலகத்தின் விலாசத்தைச் சொன்னார். தெருப் பெயரை இரண்டு தரம் சொன்னார். கிளம்புவதற்கு முன்னால் அங்கே ஒரு போன் போட்டுத் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நானும் கூட வருகிறேன் என்றார். அந்த அம்மா எழுதிக்கொள்ளப் பேனா தேடினார். அண்ணன் போனைக் காதில் வைத்தபடி காத்துக்கொண்டிருந்தார்.