அவர் ஏறினால் மட்டும் சிக்கும் வண்டி

முப்பத்தொரு வருடம் லிப்ட் பழுதுபார்த்துவிட்டு ஓய்வுபெற்றவர் அவர். தெருவில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர். அவர் மனைவி வேன்காரம்மா. இரண்டு ஓட்டல்களிலிருந்தும் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்தும் அழுக்குப் படுக்கை விரிப்புகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சலவை ஆலையில் இறக்குவதும், வெளுத்து மடித்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலை. பதினாறு வருடமாக ஒரே வேன். எஞ்சின் முன்சீட்டுகளுக்கு அடியில் இருக்கிற பழைய மாடல். ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டைத் தூக்கினால் கார்புரேட்டர் தெரியும்.

ஓய்வுபெற்ற நாலாம் நாளுக்குள் லிப்ட்காரர் வீட்டிலிருந்த எல்லாக் கீல்களுக்கும் எண்ணெய் போட்டுவிட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி மூடினார். ஐந்தாம் நாள் அவர் கண் தையல் மிஷின் மேல் விழுந்தபோது மனைவி சொன்னாள்:

"இன்னும் என்னத்தக் கழட்டப் போறீங்க? பேசாம என்கூட வண்டியில வாங்க."

அதை அவள் விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவே கூப்பிட்டாளா என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காமலேயே சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தார்.

அன்றைக்கே ஆரம்பித்தது. மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறியது. மனைவி ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தாள். உச்சிக்கு வந்ததும் காலை எடுத்தாள். எஞ்சின் சத்தம் இறங்கவில்லை.

"என்னங்க, நான் கால எடுத்துட்டேன், வண்டி இரைஞ்சுக்கிட்டே இருக்கு!"

"சாவியத் திருப்பி நிறுத்து! பிரேக்க விடாத!"

அவள் கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்து, சாவியைத் திருப்பி, எப்படியோ பாலத்து அடிவாரத்தில் ஒரு மரச்சாமான் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். லிப்ட்காரர் குதித்து இறங்கிச் சீட்டைத் தூக்கினார். கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்ன இரும்பு லிவர். பெடலை மிதித்தால் கேபிள் அதை இழுக்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சிக்கியிருந்தால் அதுதான் சிக்கியிருக்க வேண்டும். ஆனால் அது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி தன் இடத்தில் ஒழுங்காக நின்றது. விரலால் இழுத்துவிட்டார். 'டக்'கென்று திரும்பியது. பத்து தடவை இழுத்தார். பத்து தடவையும் டக்.

"சரியாத்தான் இருக்கே?"

"அப்ப நான் பொய் சொல்றேனா? உங்க காதுலயும்தானே விழுந்துச்சு!"

விழுந்ததுதான். அதுதான் அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லிவரையும் அதன் மூட்டுகளையும் பெட்ரோல் விட்டுத் துலக்கினார். கேபிளுக்கு எண்ணெய் விட்டார். புது ஸ்பிரிங் போட்டார். வேலைக்குப் போன காலத்துப் பழக்கம், நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிவைத்தார். மறுநாள் பல் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்ததால் அவர் வண்டியில் போகவில்லை. ஒரு தொந்தரவும் இல்லை. அதற்கடுத்த நாள் நிம்மதியாக ஏறினார். அதே மேம்பாலம், அதே உச்சி, அதே இரைச்சல். சீட்டைத் தூக்கினால் லிவர் தன் இடத்தில் நின்றது.

கேபிளையே மாற்றினார். சிக்கியது. பெடலின் கீலைக் கழற்றித் தேய்த்துப் போட்டார். சிக்கியது. கால்மிதியைத் தூக்கி எறிந்தார். அப்போதும் சிக்கியது. கடைசியில் மெக்கானிக்கிடம் விட்டார்கள். அவன் தனியாக மேம்பாலத்தில் நாலு சுற்று போய்விட்டு வந்து சாவியை நீட்டினான்.

"வண்டி நல்லாத்தான் சார் இருக்கு. அக்கா கால்தான் கொஞ்சம் வெயிட்டோ என்னவோ."

அக்கா முறைத்த முறைப்பில் அவன் வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் மனைவி சாதாரணமாக ஒன்றைச் சொன்னாள். "ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க வராத நாள்ல இது நடக்கறதே இல்ல."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தார். சிக்கிய நாள் ஏழு. ஏழு நாளும் அவர் வண்டியில் இருந்திருக்கிறார். தனியாக அவள் போன நாள் ஐந்து. ஐந்திலும் ஒன்றும் இல்லை. ஆள் பார்த்துச் சிக்குகிற இரும்பை அவர் இதுவரை கண்டதில்லை. அப்படியானால்? பதினாறு வருடம் தனியாக ஓட்டிப் பழகியவள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து 'இண்டிகேட்டர் போடு', 'கியர மாத்து' என்று சொல்லிக்கொண்டே வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? வாயால் சொல்ல மனமில்லாமல் காலால் சொல்கிறாளோ? சேச்சே, அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை என்று உடனே தலையை உதறிக்கொண்டார். ஆனாலும் மறுநாள் அவர் கண் சாலையில் இல்லை; அவள் வலது காலிலேயே இருந்தது.

"என் காலையே ஏன் பாத்துக்கிட்டு வர்றீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா? நான்தான் வேணும்னே மிதிக்கறேன்னு நெனைக்கறீங்க. அப்படித்தானே? நான் ஒண்ணு கேக்கறேன். தெனமும் சீட்டத் தூக்கி நீங்கதானே நோண்டறீங்க? என் வண்டிய நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நான் கை வைக்கறதுக்கு முன்னாடியே சிக்குச்சே!"

"நீங்க ஏறினதுக்கு அப்புறம்தானே!"

இருவர் சொன்னதுமே உண்மைதான். அடுத்த சிக்னலில் லிப்ட்காரர் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு வாரம் வண்டிப் பக்கமே போகவில்லை. அந்த ஒரு வாரமும் வண்டி பரம சாதுவாக ஓடியது. அவள் மாலையில் வந்து "இன்னிக்கும் ஒண்ணும் இல்ல" என்று மெல்லச் சொல்லும்போது, சந்தோஷப்பட வேண்டுமா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டுமா என்று தெரியாமல் அவர் செய்தித்தாளை மடித்து மடித்துப் பிரித்தார்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் ஏதோ தண்ணீர்க் குழாய் உடைந்து ஒரு வார்டு விரிப்பு முழுக்க நனைந்துபோனது. வழக்கத்தைவிட ஆறு மூட்டை அதிகம். பின்னால் இடம் கொள்ளவில்லை. நண்பகலில் வேன் வீட்டு வாசலில் வந்து நின்றது. மனைவி இறங்கி ஓடிவந்தாள். முகம் சிரித்தது.

"நடந்துச்சுங்க! நீங்க இல்லாமயே நடந்துச்சு! அதே மேம்பாலம்!"

"அடிகிடி படலையே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நிறுத்திச் சீட்டத் தூக்கிப் பாத்தா லிவர் எடத்துலதான் நிக்குது. நீங்க காரணமில்ல, நானும் காரணமில்ல. அத மொதல்ல கேளுங்க!"

அவருக்குத் தலை சுற்றியது. இத்தனை நாள் கிடைத்திருந்த ஒரே துப்பும் போய்விட்டதே. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்: "பக்கத்து சீட்ல யாரு இருந்தா?"

"யாருமில்ல. ஈர மூட்டை ரெண்டு கெடந்துச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லிப்ட்காரர் மெதுவாக நெற்றியில் அடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க 'இத்தனை பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்று பலகை மாட்டியவர். எடை என்ற ஒன்று மட்டும் அவர் புத்தியில் ஏறவே இல்லை.

மூட்டைகளை இறக்கினார்கள். மனைவியைப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்து, எஞ்சினைக் கிளப்பாமல், அவர் பெடலைக் கையால் அடிவரைக்கும் அமுக்கி, கையை எடுத்தார். பெடல் கீழேயே நின்றுவிட்டது.

"எந்திரி."

அவள் எழுந்தாள். டக். பெடல் மேலே வந்தது.

"உக்காரு." அமுக்கினார். நின்றது. "எந்திரி." டக். காரணமே இல்லாமல் ஆறேழு முறை செய்தார்கள். எதிர்வீட்டுத் தையற்காரர் ஜன்னலில் வந்து நின்று, நடுப்பகலில் இந்த இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போனார்.

மனைவி சமையலறையிலிருந்து பிசைந்த மாவில் ஓர் உருண்டை எடுத்துவந்தாள். அவர் அதை லிவரின் நுனியில் அப்பி, சீட்டை மூடி, மறுபடி அவளை உட்காரச் சொல்லிப் பெடலை அமுக்கினார். திறந்து பார்த்தால் மாவில் ஒரு போல்ட்டின் மரை அப்படியே பதிந்திருந்தது. சீட்டின் அடிப்பலகையில் நாலு போல்ட். மூன்று குட்டை. நாலாவது இரண்டு விரற்கடை நீளம் அதிகம். எடை ஏறினால் பலகை தாழ்ந்து அது கீழே இறங்கும். ஏற்றத்தில் முழுக்கத் திறந்த லிவர் அதில் மாட்டிக்கொள்ளும். ஆள் எழுந்தால் விட்டுவிடும். எழுந்து பார்த்தவருக்கு எதுவும் தெரியாததில் ஆச்சரியம் என்ன?

"இந்த போல்ட்ட யாரு போட்டது?" என்றாள் மனைவி.

அவர் அதைத் திருகி எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். லிப்ட் கதவுகளுக்குப் போடுகிற ரகம். அவர் டூல்ஸ் பெட்டியில் அதே மாதிரி ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

"நானாத்தான் இருக்கணும்."

"எப்ப?"

"தெரியலையே." நோட்டுகளை எல்லாம் புரட்டினார். ஒரு வரிகூட இல்லை. "நீ எதாவது சீட்டு ஆடுதுன்னு சொன்னியா?"

"சொன்னேனோ என்னவோ. எனக்கும் ஞாபகம் இல்ல."

வேறு யாரும் அந்தச் சீட்டின் போல்ட்டைக் கழற்றியதில்லை. தன் கை செய்த ஒரு வேலை தனக்கே தெரியாமல் போனது அவரைக் கொஞ்ச நேரம் வாசற்படியில் உட்காரவைத்தது. மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அவர் எழுந்து ஒரு குட்டைப் போல்ட்டைத் தேடிப் போட்டார்.

சாயங்காலமே மேம்பாலத்துக்குப் போனார்கள். தன் எடை போதாதென்று அவர் டூல்ஸ் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டார். அவள் மிதித்தாள், உச்சியில் காலை எடுத்தாள். எஞ்சின் சத்தம் பணிந்து இறங்கியது. இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள்.

இறக்கத்தில் மனைவி சொன்னாள்: "வாரத்துல மூணு நாள் வாங்க. மத்த நாள் நான் தனியா போய்க்கறேன். என்ன?"

"எந்த மூணு நாள்?"

"நீங்களே சொல்லுங்க."

வண்டியின் பழுது தீர்ந்துவிட்டது. ஆனால் இது தன்னை வரச் சொல்வதா, வேண்டாம் என்பதா, மூன்று நாள் என்பது அதிகமா குறைவா, ஒன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. பெட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, எந்தெந்தக் கிழமை என்று வீடு வரும்வரை விரல்விட்டு யோசித்துக்கொண்டே வந்தார்.