தலைவர் வந்தால் எகிறும் பெட்டி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'டேப்பம்மா' என்று பெயர். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் எந்நேரமும் கையில் கருப்பு டேப்போடு திரிந்தால் மற்றவர்கள் வாய் சும்மா இருக்குமா?

அவள் பிழைப்பு அப்படி. கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று படிகத்தில் பட்டால், படிகம் ஒரு மினுக்கு மினுக்கும். அந்த மினுக்கை எண்ணிச் சொல்லும் பெட்டி செய்வதுதான் வேலை. வெளி வெளிச்சம் துளி புகுந்தாலும் கணக்கு நாறிவிடும். அதனால் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றுவாள். கல்யாணமான புதிதில் மாமியாரின் தைலப் புட்டியையும் சுற்றி வைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

முதலில் செய்த பெட்டி புகைந்தது. அடுத்ததில் படிகம் விரிசல் விட்டது. கூடப் படித்தவர்கள் பெரிய நாற்காலிகளில் போய் உட்கார்ந்து தொப்பை வளர்த்தார்கள். இவள் பெட்டியை விடவில்லை.

இப்போதைய பெட்டிக்கோ கண்டம். வெள்ளிக்கிழமை குழு பார்க்க வருகிறது. சரியில்லை என்றால் அறை வேறு கோஷ்டிக்கு, பெட்டி பரணுக்கு. இந்த நேரம் பார்த்துத்தானா, துறைத் தலைவர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பெட்டி காரணமில்லாமல் எகிற வேண்டும்!

"ஓட்டைம்மா, ஓட்டை! எங்கயோ வெளிச்சம் ஒழுகுது," என்றார் தலைவர்.

பெட்டியின் கூட்டைக் கடைந்து கொடுத்த பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. தலைவர் போனதும், "நான் செஞ்ச கூட்டுல ஓட்டையா? தண்ணி ஊத்திப் பாரும்மா, ஒழுகுதான்னு!" என்றார்.

அவளும் ஓட்டை என்றுதான் நம்பினாள். டேப் ஆட்களுக்கு உலகமே ஓட்டை. மொத்தத்தையும் உரித்து மறுபடி சுற்றினாள். மறுநாளும் எகிறியது. மறுபடி உரித்தாள்.

வியாழக்கிழமை ஜன்னலை மூடி, விளக்கையும் அணைத்துவிட்டுத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். "கரெண்ட் இல்லையா?" என்றபடி வந்த தலைவர் ஸ்டூலில் முட்டியை இடித்துக்கொண்டார். அந்த இருட்டிலும் திரையில் கோடு மேடு கட்டியது. அவர் நொண்டிக்கொண்டே போனதும் மேடு அமுங்கியது.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அண்ணே, ஒழுகுற வெளிச்சம்னா ஓரமா குப்பையா குவியும். இது தினமும் ஒரே இடத்துல நிக்குது. உயரம் மட்டும் நாளுக்கு நாள் குறையுது."

"அப்ப பேயா?"

"பேய் தலைவர் பின்னாடியேவா சுத்தும்?"

திரையில் மேடு நிற்கும் இடம்தான் எந்தப் பொருளின் கதிர் என்று காட்டும். அதைச் சரிபார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தாலியம். ஆஸ்பத்திரியில் இருதயத்தைப் படம் எடுக்க ஊசியில் ஏற்றும், கதிர் வீசும் சரக்கு. சில நாள் உடம்பிலிருந்து மெல்ல மெல்ல அடங்கும். 'லிஃப்ட்டெல்லாம் கிழவனுங்களுக்கு' என்று நான்கு மாடியும் படியேறிப் பெருமை பீற்றும் மனிதர், போன வாரத்திலிருந்து பின்பக்க லிஃப்ட்டில் வருவது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நேராக அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஐயா, பெட்டில ஓட்டை இல்ல. உங்களுக்கு நெஞ்சுல ஸ்கேன் எடுத்திருக்காங்க."

தலைவர் முகம் வெளுத்தது. "யார் சொன்னா? என் வீட்டுக்காரிக்கே தெரியாது!"

"பெட்டிதான் சொல்லுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல."

"நாளைக்கு நான் வரல. பெட்டி கம்முனு இருக்கும். அது போதுமில்ல?"

"போதாதுய்யா. இத்தனை நாள் எகிறினது கோளாறுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. உங்க பேரை நான் எடுக்க மாட்டேன். ஆனா கோளாறுன்னும் ஒத்துக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை, குழுவில் கண்ணாடிக்காரர் ஒருவர் திரையில் பழைய மேடுகளைக் குத்திக் காட்டினார். "இதெல்லாம் என்னம்மா? கோளாறுதானே?"

"இல்லைங்க, சுத்தமான ரீடிங். எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல."

"அப்படின்னா நாங்க எப்படி நம்பறது?"

அவள் கையிலிருந்த டேப் மட்டும் கசங்கியது. கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்தார்.

வாசலில் செருமல் கேட்டது. தலைவர் உள்ளே வந்து பெட்டியருகே நின்றார். மேடு, சின்னதாக இருந்தாலும், அதே இடத்தில் எழுந்தது. வாசல்வரை போனார், அமுங்கியது. திரும்பி வந்தார், எழுந்தது.

"போதுமா? ஓட்டை பெட்டில இல்ல, என் நெஞ்சுல. ஸ்கேன் எடுத்தேன். போய் எழுதிக்கோங்க!"

கண்ணாடிக்காரர் பேனாவை மூடினார். அறை தப்பியது.

"வரேம்மா," என்று தலைவர் திரும்ப, டேப்பம்மா குறுக்கே ஒரு ஸ்டூலைப் போட்டாள்.

"கொஞ்சம் உக்காருங்கய்யா, ரீடிங் எடுத்துக்கறேன். நாளைக்கு இன்னும் குறைஞ்சிடும். ஆடாம இருங்க!"