நாற்பது கிலோ பழி

எவ்லம்பியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். இருபத்தெட்டு வருஷமாக அவள் கறிக்கடைக்கு எதிரே முடிதிருத்தகம் வைத்திருக்கிறேன். அவள் சிரித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாராவது அவளை ஒரு சொல் சொல்லிவிட்டால், பத்து வருஷம் கழித்தும் அதை அப்படியே ஒப்பிப்பாள், சொன்ன அன்று அந்த ஆள் என்ன சட்டை போட்டிருந்தான் என்பது உட்பட. கிரேக்க நாட்டின் வடக்கு மலையோரத்தில் இருக்கிற எங்கள் பெத்ரோவ்ரிசியில் அவளுக்குப் பயப்படாதவர்கள் கறி தின்னாதவர்கள் மட்டும்தான். அப்படி யாரும் இங்கே கிடையாது.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் ஒரு வீடு.

அவள் அப்பா நவும் இந்த ஊரில் பிறந்தவர். உள்நாட்டுச் சண்டையின்போது, நாற்பத்தெட்டாம் வருஷம், மலை மேல் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. நவுமுக்கு அப்போது ஆறு வயது. அவருடைய அம்மா அவரைப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியின் கையில் பிடித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் முப்பது பிள்ளைகளை நடத்தியே கிராமோஸ் மலையைத் தாண்டி அல்பேனியாவில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கிருந்து ஹங்கேரி. அந்தக் கோடையிலேயே அம்மா செத்துப்போனாள். நவும் விடுதியில் வளர்ந்து, புடாபெஸ்டில் ஒரு கறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதே மாதிரி தனியாக வந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். எவ்லம்பியா அங்கேதான் பிறந்தாள்.

எண்பத்து மூன்றில் அரசாங்கம் திரும்பி வரலாம் என்றது. வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி, பெட்டிகளோடு நேரே வீட்டுக்குப் போனார் நவும். அதில் வாயோஸ் என்பவர் குடியிருந்தார். ஊரை விட்டு ஓடியவர்களின் வீடு என்று அரசாங்கம் அவருக்குக் காகிதம் போட்டுக் கொடுத்திருந்தது. வாயோஸ் கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு மேலாக ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி, "குடிச்சுட்டுக் கிளம்புப்பா, பஸ் போயிடும்" என்றார். நவும் குடித்தார். நன்றி என்றும் சொன்னார். அவர் நன்றி சொன்னதைத்தான் எவ்லம்பியாவால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. அதே வயதில் வாயோஸின் மகன் கோஸ்மாஸ் மதில் மேல் உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, தோலை அவள் பக்கம் துப்பிக்கொண்டிருந்தான்.

அவர்கள் கடைத்தெருவில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக் கறிக்கடை போட்டார்கள். ஹங்கேரியில் கற்ற கைப்பக்குவத்தில், சிவப்பு மிளகாய்த்தூளும் பூண்டும் அள்ளிப்போட்டு நவும் செய்த சாசேஜை ஊரே தின்றது. தின்றுவிட்டு அவரை ஹங்கேரிக்காரன் என்றது. அவர் செத்தபோது மின்கம்பத்தில் ஒட்டிய சாவு அறிவிப்பில்கூட, பெயருக்குக் கீழே யாரோ பேனாவால் 'ஹங்கேரிக்காரன்' என்று எழுதி வைத்தார்கள். அப்பா பெயரில் கடையை எவ்லம்பியா நடத்தினாள். கோஸ்மாஸ் பெட்ரோல் பங்க் வைத்து, அதன் பின்னால் புது வீடு கட்டிக்கொண்டு, பழைய வீட்டைப் பூட்டிப் போட்டான். விலைக்குக் கொடு என்று இரண்டு முறை கேட்டாள். "வைக்கோல் போட இடம் வேணுமே" என்றான். அவனிடம் ஆடும் இல்லை, மாடும் இல்லை.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த எலாத்தி ஓட்டலில், பெற்றோர் இல்லாமல் தனியாக நாட்டுக்குள் வந்த இருபத்தாறு பையன்களைத் தங்கவைக்கப் போகிறார்களாம். தீவு முகாம்களில் கூடாரத்தில் கிடக்கிற ஆப்கானிஸ்தான், சிரியா பிள்ளைகள். ஊர் கொதித்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் கூட்டம் போட்டார்கள். நாற்காலி பத்தாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள்.

எல்லாருடைய பேச்சும் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். நம் சுகாதார நிலையத்தில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் டாக்டர் வருகிறார், இவர்களை யார் பார்ப்பது என்று ஒருத்தர் கேட்டார். ஏதென்ஸில் உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்கள் நம்மை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று இன்னொருத்தர். தலைமை ஆசிரியை எழுந்து, என் வகுப்பறைகளில் பாதி காலியாக இருக்கிறது, வந்தால் வரட்டுமே என்றாள். அவளைக் கூச்சல் போட்டு உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் பிள்ளைகளே இல்லை, தடித்தடியாய் இருபது வயது ஆண்கள் என்றான் ஒருவன். அதற்கு நான் எழுந்து, "என்கிட்ட அனுப்புங்கப்பா, மோவாயைத் தடவிப் பாத்து வயசைச் சொல்லிடறேன்" என்றேன். நல்ல சிரிப்பு கிடைத்தது. எதிர்ப்பு மனுவில் கையெழுத்தும் போட்டேன். என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் போட்டிருந்தார்கள், நானும் போட்டேன். அதற்கு மேல் காரணம் ஒன்றும் இல்லை.

எதிர்ப்புக் குழுவின் தலைவன் கோஸ்மாஸ். மைக் அவன் கையில்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றான். "பெத்தவ எவளாவது புள்ளையத் தனியா அனுப்புவாளா? அனுப்புறவ தாயா? தாயே வேணாம்னு விட்ட புள்ளைய நாம எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்?"

கைதட்டல் ஓய்வதற்குள் எவ்லம்பியா எழுந்துவிட்டாள். மைக் தரவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை.

"எங்கப்பனோட அம்மா அனுப்பினா. ஆறு வயசுல. இதே ஊர்லேர்ந்து."

"அது போர்க்காலம், எவ்லம்பியா."

"இவனுங்க ஊர்ல என்ன நடக்குது, திருவிழாவா?"

"அப்போ போனவங்க நம்ம ஆளுங்க. இது வேற."

"நம்ம ஆளுன்னா, திரும்பி வந்தப்போ ஏண்டா கேட்டைத் திறக்கல? நீ வைக்கோல் போடுற வீடு தனியாப் போன ஒரு புள்ளையோடது. இவ்வளவு பேர் இருக்காங்களே, ஒருத்தராவது இல்லேன்னு சொல்லட்டும்."

கோஸ்மாஸ் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், நிதானமாகச் சொன்னான்: "உன் கதையைக் கறிக்கடையில சொல்லும்மா. அங்க ஈயாவது கேக்கும்."

ஊரே சிரித்தது. அவள் உட்காரவில்லை. வரிசை வரிசையாக எல்லார் முகத்தையும் பார்த்தாள், என் முகத்தையும். பிறகு வெளியே போய்விட்டாள்.

மூன்றாம் நாள், ஒரு கூச்சமும் இல்லாமல் கோஸ்மாஸ் அவள் கடைக்கே வந்தான். நான் ஈரல் வாங்க நின்றிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை பஸ் வருது" என்றான். "ஓட்டல் வாசல்லயே அடுப்பு போட்டுப் பன்னி சாசேஜ் சுடப் போறோம். வாசனை மூக்குல ஏறினா இறங்காமலே திரும்பிடுவானுங்க. வேற ஒரு ஊர்லயும் இப்படித்தான் திருப்பி அனுப்பினாங்க. அரசாங்கமும் அதோட விட்டுடுச்சு, பஸ் திரும்ப வரவே இல்ல. நாப்பது கிலோ வேணும். உங்கப்பா பக்குவத்துல. பேச்சு வேற, வியாபாரம் வேற, என்ன?"

எவ்லம்பியா கத்தியைத் துடைத்தாள். "நாப்பது கிலோ. சரி" என்றாள்.

எனக்கே அருவருப்பாக இருந்தது. இவளுமா என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் விடிகாலையில் அவள் வேன் கிளம்பிப்போனது, சாயங்காலம்தான் திரும்பியது. என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள். வேனுக்குள் பெட்டி பெட்டியாக மாட்டிறைச்சி. கிரேக்கத்திலும் துருக்கியிலும் எழுதி முத்திரை குத்திய சீட்டு ஒன்று மேலே இருந்தது. துருக்கி பேசும் முஸ்லிம்கள் வாழ்கிற ஸாந்தி வரைக்கும் போய், அங்கே செஃபெர் என்கிற முஸ்லிம் கறிக்காரரிடம் வாங்கி வந்திருக்கிறாள். ஹலால் முறைப்படி வெட்டியது.

"கேட்டது பன்னியாச்சே" என்றேன்.

"மொளகாத்தூளும் பூண்டும் போட்டா எவனுக்குத் தெரியும்? பஸ்ஸுல பசங்களைக் கூட்டிட்டு வர்ற பொண்ணு தனாயிகிட்ட போன்ல சொல்லிட்டேன். பசங்களுக்கும் சொல்லிடுவா. நீ அன்னிக்கு மோவாயைத் தடவுறேன்னு ஜோக் அடிச்சே இல்ல, நீலக் கோடு போட்ட சட்டையில? அதுக்குத் தண்டனை இதுதான். தூக்கு."

தூக்கினேன். இரண்டு நாள் அவளோடு உட்கார்ந்து குடலில் கறி அடைத்தேன். என் கை இன்னும் பூண்டு நாறுகிறது என்று என் மனைவி சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டல் வாசலில் நூறு பேர் இருப்பார்கள். கோஸ்மாஸ் ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றான். வட்டார டிவிக்காரனையும் அவன்தான் வரவழைத்திருந்தான். அடுத்த தேர்தலில் நகராட்சிக்கு நிற்பதாக இருந்தான். எல்லாரும் தின்றார்கள். நவும் செத்தும் கைமணம் போகவில்லை என்று ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல், வாயை அடைப்பதற்காகவே மூன்று தின்றேன்.

பஸ் வந்தது. விசில், கூச்சல். டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தான். அவன் பஸ்ஸைத் திருப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எவ்லம்பியா சட்டென்று அடுப்பருகே போனாள்.

"கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தா வாசனை எப்படிப் போகும் கோஸ்மாஸ்? இறங்கட்டும். உன் கையால ஒண்ணை நீட்டு, ஓடுறானா இல்லையான்னு பாரு. கேமராவும் இருக்கு."

கேமரா என்றதும் அவன் நெஞ்சு நிமிர்ந்தது. சாசேஜ் ஒன்றை ரொட்டியில் வைத்து, டிவிக்காரன் பக்கம் நன்றாகத் திரும்பி நின்று, "வாடா தம்பி, சாப்பிடு வா" என்று கூப்பிட்டான். கதவு திறந்தது. முதலில் தனாயி இறங்கினாள், பின்னால் பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பொடியன். எஹ்ஸான் என்று பெயர், பிறகு தெரிந்தது. ஜாக்கெட்டின் கை விரல்களையும் மூடிக்கொண்டு தொங்கியது. தனாயியைப் பார்த்தான், அவள் தலையாட்டினாள். இரண்டு கையாலும் ரொட்டியை வாங்கி அங்கேயே நின்று தின்ன ஆரம்பித்தான். அவன் தின்ற வேகத்தைப் பார்த்து விசிலடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முடித்துவிட்டு, இன்னொன்று என்று விரலைக் காட்டினான்.

"பன்னிடா அது" என்றான் கோஸ்மாஸ்.

"பன்னி இல்ல" என்று எவ்லம்பியா கேமராவைப் பார்த்துச் சொன்னாள். சீட்டைப் பிரித்து, முத்திரை எண் வரை வாசித்தாள். "ஹலால் மாடு. ஊர்ல எல்லாரும் வயிறாரத் தின்னாச்சு. கோஸ்மாஸ் அண்ணன் முதல் புள்ளைக்குத் தன் கையால ஊட்டியும் விட்டாச்சு."

ஒருத்தன் துப்பினான். ஒருத்தன் மென்றுகொண்டே யோசித்தான். கிழவர் இன்னொன்று கிடைக்குமா என்று தட்டை நீட்டினார். மற்ற பையன்கள் வரிசையில் நின்று வாங்கித் தின்று முடிப்பதற்குள், டிரைவர் மூட்டைகளையெல்லாம் ஓட்டலுக்குள் இறக்கிவிட்டான். அன்று டிவியில், பெத்ரோவ்ரிசி மக்கள் அகதிச் சிறுவர்களை விருந்து வைத்து வரவேற்றார்கள் என்று காட்டினார்கள். கோஸ்மாஸ் ரொட்டி நீட்டுகிற படம் பேப்பரிலும் வந்தது. காபிக்கடையில் அவனுக்கு 'இருபத்தாறு பிள்ளைக்கு அப்பன்' என்று பெயர் வைத்தார்கள். தேர்தலில் நிறுத்துவதாகச் சொன்ன கட்சிக்காரர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எவ்லம்பியாவுக்கும் அடிதான்; பாதி ஊர் சூப்பர் மார்க்கெட்டில் கறி வாங்கப் போய்விட்டது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதை நல்ல வெளிச்சம் என்று சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை காலை கோஸ்மாஸ் கடைக்கு வந்தான். நான் அவளோடு காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அர்கிரிஸ், கொஞ்சம் வெளிய போ" என்றான்.

"அவன் இருக்கட்டும். நீ சொல்ல வந்ததைச் சொல்லு. புகார் குடுக்கப் போறியா? குடு. பன்னிக்குப் பதிலா மாட்டைக் குடுத்துட்டான்னு எழுது. பன்னி எதுக்குக் கேட்டேன்னும் சேத்து எழுது."

அவன் புகார் பேச்சே எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு பெரிய இரும்புச் சாவியை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தான். "வீடு" என்றான். "நாளைக்கே பத்திரம் எழுதிடலாம். ஒரு காசு வேணாம். நீ டிவிக்காரன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அது பன்னிதான், சீட்டு வேற சரக்கோட சீட்டு, விளையாட்டுக்குப் படிச்சேன்னு. அவ்வளவுதான்."

எவ்லம்பியா சாவியைப் பார்த்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். முப்பத்தாறு வருஷம் அவள் கேட்டது அதைத்தான். அவள் அப்பா கேட்டு, கிடைக்காமல் செத்ததும் அதைத்தான்.

"நான் பன்னின்னு சொன்னா அந்தப் பசங்க என்ன ஆவாங்க?" என்று கேட்டாள்.

"என்ன ஆவானுங்க? ஏமாத்தித் தின்ன வெச்சுட்டாங்கன்னு வாந்தி எடுப்பானுங்க. இந்த ஊரே வேணாம்னு கிளம்பிடுவானுங்க. உனக்கு வீடு, எனக்கு மானம். ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

அவள் கறி சுற்றும் காகிதத்தை ஒரு துண்டு கிழித்து, சாவியை அதில் வைத்து, எலும்பு கட்டிக் கொடுப்பதுபோல் மடித்து அவன் பக்கம் தள்ளினாள்.

"நீயே வெச்சுக்கோ கோஸ்மாஸ். அது யாரு வீடுன்னு போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் நான் சொல்லிக்கிட்டே இருக்கணும். சாகிற வரைக்கும் சொல்லணும். ஓட்டல்ல இருக்கிற இருபத்தாறு பேருக்கும் சொல்லிக்குடுப்பேன். நம்ம பாஷையில அவனுங்க கத்துக்கிற முதல் சேதி அதுவாத்தான் இருக்கும். நீ எனக்கு வீட்டைக் குடுத்துட்டா அப்புறம் நான் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

கோஸ்மாஸ் அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனான். பங்க் பக்கம் திரும்பும் வரை அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்படியே கல்லாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். பையன்களுக்காக அழுதாள் என்று எழுதினால் அழகாக இருக்கும், அப்படி இல்லை. வீட்டுக்காகத்தான் அழுதாள். நான் கடைக்கதவை உள்ளிருந்து சாத்தினேன்.

"கிடைச்சிருக்கும், அர்கிரிஸ்" என்றாள்.

"கிடைச்சிருக்கும்" என்றேன்.